நாடு கொந்தளிக்கும்போது மனம் அமைதி தேடலாமா?

மாலைவெயில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். அரசியல் கொந்தளிப்பு எந்த நாட்டில் வந்தாலும், தனிமனிதரின் அன்றாடத்துக்குள் அது ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் நுழைகிறது: கண் விழித்ததும் கைப்பேசியில் ஒரு கைதுச் செய்தி, நண்பகலில் ஒரு தீர்ப்பு, மாலையில் ஊர்வலமும் தடியடியும், இரவில் அவற்றைப் பற்றிய கூச்சல். இவற்றுக்கு இடையே எப்போதாவது ஒரு பாட்டில் மனம் தோய்ந்துவிட்டாலோ, மழை ஓய்ந்தபின் மேகம் கலைவதைப் பார்த்தபடி நின்றுவிட்டாலோ, உடனே குற்றவுணர்வு வந்துவிடுகிறது. ஊரே பற்றி எரிகையில் உனக்கு மேகம் ஒரு கேடா என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது.

இந்தக் குரல் பெரிய கலைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த 1914 டிசம்பரில், பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மீண்டும் வரையத் தொடங்கிவிட்டதாகவும், துயரங்களை நினைக்காமலிருக்க அதுவே நல்ல வழி என்றும் சொல்கிறார். சொன்ன கையோடு, இத்தனை பேர் நமக்காகத் துன்புற்று மடியும்போது நிறம், வடிவம் பற்றிய தம் சின்னஞ்சிறு ஆராய்ச்சிகளில் மூழ்கியிருப்பது வெட்கமாக இருக்கிறது என்றும் சேர்த்து எழுதுகிறார். வெட்கப்பட்டாரே தவிர வேலையை நிறுத்தவில்லை. போர்க்காலம் நெடுகிலும் தம் தோட்டத்துக் குளத்தின் அல்லிகளை வரைந்துகொண்டிருந்தார்; போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, இரண்டு ஓவியங்களை நாட்டுக்குத் தர விரும்புவதாகப் பிரதமர் கிளெமான்சோவுக்கு எழுதினார்.

அந்த வெட்கம் தேவையான வெட்கந்தானா என்பதே என் கேள்வி. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கூர்மதி எழுதியது:

தேவையான வெட்கம்தான் என்பது என் கருத்து. குளமும் தோட்டமும் சொந்தமாக உள்ளவருக்கு அமைதி ஒரு வாசற்படித் தொலைவில் கிடைக்கிறது. வீட்டுக் கதவை எப்போது யார் தட்டுவார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? நாட்சிகளிடமிருந்து தப்பி டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியக் கவிஞர் பெர்டோல்ட் பிரெக்ட், மரங்களைப் பற்றிப் பேசுவதே ஏறக்குறைய ஒரு குற்றமாகிவிடுகிற காலம் இது என்று எழுதினார். அந்தப் பேச்சுக்குள் எத்தனையோ கொடுமைகளைப் பற்றிய மௌனம் அடங்கியிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

மரத்தின்மேல் அவருக்கு எந்தப் பகையும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் 'அரசியலைப் பார்த்தால் தலை வலிக்கிறது, நான் பறவைகளைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அந்த அரசியலால் அடி வாங்காதவராகவே இருக்கிறார். அடி வாங்குகிறவருக்கு விலகிச் செல்லும் வசதி கிடையாது. அமைதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஏற்றத்தாழ்வைப் பேசியாக வேண்டும்.

தென்றல்வழி எழுதியது:

கூர்மதி ஐயா, ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடி வாங்குகிறவர்கள் அழகைத் தேடுவதில்லை என்ற உங்கள் முடிவை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள்தாம் மற்ற எவரையும்விடத் தீவிரமாகத் தேடியிருக்கிறார்கள்.

ஜெர்மனியின் சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகப் போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். 1913இல் தாவரங்களைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டிவைக்கத் தொடங்கிய அவர், சிறையிலும் அதைத் தொடர்ந்தார். தோழி சோஃபி லீப்னெக்டுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்களில் குருவிகளின் குரல், வண்டுகள், மேகங்களின் நிறம் என்று பக்கம் பக்கமாக வருகின்றன. சோஃபியின் கணவரும் அப்போது சிறையில் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்க வேண்டும். கட்சி மாநாட்டில் இருப்பதைவிட இப்படியொரு தோட்டத்துத் துண்டு நிலத்தில் இருப்பதே தமக்கு இயல்பாக இருக்கிறது என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். இப்படி எழுதியவர் கொள்கையைக் கைவிட்டாரா? 1919 ஜனவரியில் கொல்லப்படும்வரை களத்தில்தான் நின்றார்.

நெல்சன் மண்டேலா போல்ஸ்மூர் சிறையின் மொட்டைமாடியில் தோட்டம் போட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பெரிய எண்ணெய்ப் பீப்பாய்கள் 16ஐக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளக்கச் செய்து, மண் நிரப்பி 32 தொட்டிகள் ஆக்கினார். ஒரு கட்டத்தில் அங்கே ஏறக்குறைய 900 செடிகள் இருந்தன. விளைந்ததைக் கைதிகளின் சமையலுக்குக் கொடுத்ததோடு காவலர்களுக்கும் கொடுத்தார். அகமதுநகர் கோட்டையில் அடைபட்டிருந்த ஜவாஹர்லால் நேருவும் கல்லும் இடிபாடும் கலந்த மண்ணைக் கொத்திப் பூச்செடி வைத்தவர்தான். சிறைக்குள் இருந்தவர்கள் செடி நட்டிருக்கிறார்கள். வெளியே இருக்கும் நாம் செடியைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

செய்திமேசை எழுதியது:

இந்த உரையாடலை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியவனாக இருக்கிறேன். செய்தி நிறுவனம் ஒன்றில் களத்திலிருந்து வரும் வீடியோக்களைச் சரிபார்ப்பது என் தொழில். விலகிச் செல்லலாமா என்ற கேள்விக்கே என் பணிநேரத்தில் இடமில்லை. எனவே இதைத் தத்துவமாக அணுகாமல் வேலை செய்யும் முறையாகக் கற்றுக்கொண்டேன். முதல்முறை பார்க்கும்போது ஒலியை அணைத்துவிடுவேன், ஏனென்றால் காட்சியைவிட அலறல்தான் நெடுநாள் உடன் வரும். திரையில் அந்தச் சட்டகத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிடுவேன். ஒருமுறை சரிபார்த்ததைக் காரணமின்றி மறுபடி ஓட்டமாட்டேன்.

பொதுவாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தானில் குண்டு வெடித்தபின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்து, அடுத்த ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த முதல் வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அதைப் பற்றிய செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்தத்தைத் தெரிவித்திருந்தார்கள். இயல்பிலேயே பதற்றப்படுகிறவர்தான் கூடுதலாகச் செய்தி பார்க்கிறார் என்று இதைத் திருப்பிப் போட்டும் சொல்லலாம். அந்த ஐயம் எனக்கும் உண்டு. ஆனாலும், திரும்பத் திரும்ப ஓடும் அதே இருபது நொடிக் காட்சி அறிவைக் கூட்டுவதில்லை என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். தகவல் முதல் முறையிலேயே தீர்ந்துபோய்விடுகிறது. அதற்குப் பிறகு நாம் பார்த்துக்கொண்டிருப்பது நம் அச்சத்தை மட்டுமே.

நான் வேலை செய்யும் தளத்தில் படிக்கட்டுக்கு அருகே, தொங்கும் கம்பி ஒன்றின் நுனியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. பெண்பறவைதான் முழு வேலையையும் செய்தது. சன்னல் மூலையில் இருக்கும் சிலந்திவலையை அலகால் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, காய்ந்த நாரையும் சருகையும் அதைக் கொண்டு ஒட்டி, பிறகு கூட்டுக்குள் புகுந்து உள்ளிருந்தபடியே நெஞ்சால் அழுத்திச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளி இடம் உண்டாக்கியது. வாயிலுக்கு மேல் சிறு கூரைபோல ஒரு நீட்சி வேறு. பணிக்கு நடுவே அங்கு போய் நின்றுவிட்டுத் திரும்பிய நாட்களில், போலி வீடியோ எது, பழைய வீடியோ எது என்பது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கண் ஓய்ந்திருந்தால்தான் நிழலின் திசை பிசகியிருப்பது தெரியும். எனவே என்னளவில் அந்தப் பறவை வேலையின் ஒரு பகுதி.

அக்கரை எழுதியது:

செய்திமேசை அண்ணா, நீங்கள் சொல்லும் கணக்கு எங்களுக்குப் பொருந்தவில்லை. செய்தியை எட்டத்தில் நின்று பார்ப்பவருக்கு அது பழக்கம்; எங்களுக்கு அப்படி அன்று. என் தம்பி ஊரடங்கு போட்ட இடத்தில் இருந்தான். இணையத்தை முடக்கியிருந்தார்கள். அனுப்பிய செய்திக்குக் கீழே ஒற்றைச் சாம்பல் டிக் மட்டும் நின்றுகொண்டிருக்க, அது எப்போது இரண்டாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பவளிடம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார் என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். பலரும் அப்படிச் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்.

கடைசியில் யாரோ ஒருவருடைய தொலைபேசி வழியாகச் சில நிமிடங்கள் பேச முடிந்தது. நான் கேட்க நினைத்திருந்தவை எல்லாம் யார் பிடிபட்டார்கள், கடை திறக்கிறார்களா, மருந்து இருக்கிறதா என்பவைதான். அவற்றுக்கு ஒற்றை வார்த்தையில் விடை சொல்லிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்ததால் தெருவே இருட்டாகிவிட்டது, நம் வானத்தில் இத்தனை விண்மீன்கள் இருந்தனவா அக்கா என்று கேட்டான். எனக்குக் கோபமே வந்தது. நாங்கள் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம், நீ விண்மீன் எண்ணுகிறாயா என்று கேட்டுவிட்டேன். இரவில் வேறு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றான் அவன்.

கூர்மதி ஐயா சொன்னதை இதனோடு வைத்துப் பார்க்கிறேன். விலகிச் செல்ல வசதியில்லாதவன்தான் வானத்தைப் பார்த்தான். வெட்கப்பட்டது வெளியே இருந்த நான்.

கூர்மதி எழுதியது:

அக்கரை அம்மா, தம்பி நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். நீங்களும் தென்றல்வழியும் சொன்னவற்றுக்குப் பிறகு என் முதல் வாதத்தை அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. அழகு வசதியுள்ளவரின் ஆடம்பரம் என்ற பகுதியை விட்டுவிடுகிறேன்.

ஆனால் இரண்டாவது பகுதி இன்னும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமானது. அழகை ஆள்பவர்களும் நன்றாகப் பயன்படுத்துவார்கள். நாட்சிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரசின் என்ற ஊருக்கு 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் குழு பார்வையிட வந்தது. அதற்காக ஊரை அழகுபடுத்தினார்கள். சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள், பூச்செடிகள் வைத்தார்கள், நெரிசல் தெரியாமலிருக்க முன்கூட்டியே ஆயிரக்கணக்கானவர்களை அவுஷ்விட்ச் கொலைமுகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள். விருந்தினர்களுக்காகக் குழந்தைகள் இசைநாடகம் நடித்தார்கள். வந்தவர்கள் மனநிறைவோடு திரும்பினார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் நடித்த குழந்தைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

கொந்தளிப்பான காலத்தில் அரசு பூங்கா திறக்கும், விழா எடுக்கும், எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று படம் போடும். ஆகவே ஓர் அழகான காட்சி என் முன்னே வரும்போதெல்லாம் இதை என் பார்வைக்கு வைத்தவர் யார், இது எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்பதை நான் விடுவதாக இல்லை. மகிழ்ச்சியைக் கெடுப்பவன் என்று சொன்னாலும் சரி.

தென்றல்வழி எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா. உங்கள் எடுத்துக்காட்டிலேயே அதற்கான விடையில் ஒரு பாதி இருக்கிறது. அதே தெரசினில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை இருந்தார். நாடு கடத்தப்படும்போது கொண்டுசெல்ல அனுமதித்த சிறிய எடையில் பெரும்பகுதியை ஓவியப் பொருள்களால் நிரப்பிக்கொண்டு வந்தவர் அவர். அங்கிருந்த குழந்தைகளுக்கு மறைவாகப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். அலுவலகங்களில் வீணாகும் படிவங்களின் பின்பக்கமெல்லாம் தாளாகப் பயன்பட்டது. எண்ணாக்கப்பட்டிருந்த அந்தக் குழந்தைகளைப் படத்தின் மூலையில் தங்கள் பெயரை எழுத வைத்தார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்படுவதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துப் பாதுகாக்கச் செய்தார். அவர் திரும்பவில்லை. படங்கள் இன்று பிராகின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல குழந்தைகள் வாழ்ந்ததற்கு அந்த மூலையில் உள்ள பெயர்தான் எஞ்சிய தடயம்.

பூச்செடியும் வண்ணச்சுவரும் பார்வையாளர் கண்ணுக்காக வைக்கப்பட்டவை. படங்களோ குழந்தைகளின் கைக்காக வரையப்பட்டவை. ஒரே ஊர், ஒரே ஆண்டு.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்தப் பேச்சில் புறநானூற்றின் 194ஆம் பாடலை யாரேனும் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு வீட்டில் சாவுப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் ஒலிப்பதைச் சொல்லும் அந்தப் பாடல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு 112ஆம் பாடல் இன்னும் நெருக்கமாகப் படுகிறது. பாரியின் பறம்பை மூவேந்தர் முற்றுகையிட்டுக் கைப்பற்றியபின் அவன் மகளிர் பாடியது. கடந்த மாதத்து வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் குன்றை வென்றவர்கள் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஐந்தே அடிகள்.

அழகு என்றால் ஆறுதல் என்று நாம் அனைவரும் இதுவரை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். அந்தப் பெண்களுக்கு நிலவு ஆறுதல் தரவில்லையே! அது போன மாதம்போலவே ஒளிர்வதுதான் அவர்களுடைய இழப்பை அளந்து காட்டுகிறது. மேகத்தைப் பார்த்து நின்ற மாலைவெயிலுக்குத் தோன்றிய உறுத்தல் இந்த வகையைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். மனம் மரத்துப்போனவருக்கு நிலவும் தெரியாது, போன மாதமும் நினைவுக்கு வராது. அந்த உறுத்தலைக் குற்றவுணர்வு என்று எண்ணிக்கொண்டு நாம் விரட்டப் பார்க்கிறோமோ என்று ஓர் ஐயம்.

மாலைவெயில் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, இப்படி நான் யோசித்ததில்லை. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கிடையில் இன்னொன்று. இதுவரை வந்த எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் ஒருவர் தனியாகப் பறவையையோ வானத்தையோ பார்க்கிறார். கூடி இருந்து அனுபவிப்பதைப் பற்றி யாருக்காவது சொல்ல உண்டா?

சுருதிபேதம் எழுதியது:

உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் லண்டனில் இசையரங்குகள் மூடப்பட்டன, இரவில் விளக்கொளி வெளியே தெரியத் தடை வந்தது. அங்குள்ள நேஷனல் கேலரி என்ற ஓவிய அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேற்றப்பட்டு, பிறகு வேல்ஸின் சுரங்கம் ஒன்றில் வைக்கப்பட்டன. சுவர்கள் வெறுமையாகக் கிடந்தன. பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அந்த வெற்று அறைகளில் பகல் உணவு வேளையில் கச்சேரி நடத்தலாம் என்று கேட்டு அனுமதி பெற்றார். 1939 அக்டோபர் 10 அன்று முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். அதன்பின் வார நாள்களில் விடாமல் 1946 ஏப்ரல்வரை 1,698 கச்சேரிகள். குண்டு விழுந்த காலத்தில் நிலவறைக்கு இறங்கி வாசித்தார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. முதலாவது, ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நகரத்தில் அவர்கள் ஜெர்மானிய இசைமேதைகளான பாக், பேத்தோவன் ஆகியோரின் இசையை வாசித்தார்கள். பகைவரின் இசை என்று ஒதுக்காமல், இவை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைய வெறுப்புப் பேச்சுகளுக்கு நடுவே இதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். இரண்டாவது, அது பகல் நேரம். அலுவலகத்திலிருந்து எழுந்து வந்து கேட்டுவிட்டு, மறுபடி வேலைக்குத் திரும்பினார்கள். 1942 முதல் மாதம் ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து காட்சிக்கு வைத்தபோதும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான படங்களை வேகமாகக் கடந்துபோகும் அருங்காட்சியகத்தில், ஒரு படத்தின் முன் நிற்க அப்போதுதான் பலருக்கு வாய்த்திருக்கும்.

கூர்மதி எழுதியது:

ஒரு ஷில்லிங்கும் திறந்த கதவும் இருந்தன என்பதால் இதை ஏற்கிறேன். அரசு தன் பெருமைக்காகப் பயன்படுத்திக்கொண்டதா என்று கேட்டால், பயன்படுத்திக்கொண்டது. அந்தக் கச்சேரிகளைப் படமெடுத்துப் போர்ப் பிரசாரத்தில் சேர்த்தார்கள். இருந்தும் கேட்டவர்கள் பெற்றது அவர்களுடையதாகவே இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கே எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. இந்த வேறுபாடு இருந்துவிட்டுப் போகட்டும்.

செய்திமேசை எழுதியது:

அக்கரை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தொடர்பு முடக்கப்பட்ட இடங்களில் இருப்பவர்களுக்கு, கிடைக்கும் சில நிமிட இணைப்பில் என்ன அனுப்புவது நல்லது? எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள், நாங்கள் செய்திச் சுருக்கம் அனுப்பச் சொல்கிறோம்.

அக்கரை எழுதியது:

சுருக்கம் வேண்டும் அண்ணா, ஆனால் அது நான்கு வரிக்கு மேல் வேண்டாம். நடப்பது என்ன என்பது அவர்களுக்கு நம்மைவிடத் தெரியும். வெளியே என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. இணைப்பு வரும்போது எல்லாம் முன்பின்னாகக் கொட்டும் என்பதால் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் தேதியை எழுதிவிடுங்கள். படங்களைச் சுருக்கி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்று மற்றவற்றையும் தடுத்துவிடும். அவர்களிடம் சோதனையில் சிக்கினால் ஆபத்தாகும் எதையும், பெயர்கள் உட்பட, அனுப்பாதீர்கள்.

என் தம்பி விரும்பிக் கேட்டது பாட்டு. குறைந்த தரத்தில், சிறிய கோப்பாக, ஏற்கெனவே அவனுக்குத் தெரிந்த பாட்டுகளாக அனுப்பச் சொன்னான். புதியதைக் கேட்கும் மனநிலை அங்கே யாருக்கும் இல்லையாம். அத்துடன் விண்மீன்களின் பெயர் போட்ட வரைபடம் ஒன்றும் கேட்டான். கருப்பு வெள்ளையில், ஒரே பக்கமாக, அச்சிடக்கூடியதாக. உங்களில் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.